திருப்பலியின் நடுவே அரசியல் போராட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வழிபாட்டுக் குழுக்களுக்கும் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் வகுப்பு எடுத்து வருகிறேன். எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் யாராவது ஒருவர் கையைத் தூக்கி இந்த விஷயத்துக்கு வந்துவிடுகிறார்கள். பூசைக்குள், அதாவது திருப்பலிக்குள், அரசியல் வரலாமா? வந்தால் யாருடைய அரசியல்? கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். பதில்களில் திருச்சபையின் போதனையும் இருக்கிறது, என் கருத்தும் இருக்கிறது. எது எது என்று ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன்.

திருவழிபாடு எதுக்கு? எல்லாரும் ஒண்ணா கூடி ஜெபிக்கிறதுதானே?

கூடி ஜெபிப்பது அதில் ஒரு பகுதி. உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் முதலில் வெளியிட்ட ஏடே திருவழிபாட்டைப் பற்றியதுதான். 1963 டிசம்பர் 4 அன்று 2147 பேர் ஆதரித்தும் 4 பேர் மட்டும் எதிர்த்தும் அது நிறைவேறியது. கடவுள் மகிமைப்படுவதும் மனிதர் புனிதமடைவதும்தான் திருவழிபாட்டின் நோக்கம் என்கிறது அந்த ஏடு. வழிபாட்டை நடத்துபவர் கிறிஸ்துவே என்றும் சொல்கிறது. குருவில், நற்கருணையில் (அர்ச்சிக்கப்பட்ட அப்ப, இரசத்தில்), வாசிக்கப்படும் இறைவார்த்தையில், கூடியிருக்கும் மக்களில் அவர் இருக்கிறார். அப்படியானால் இது நாம் கூட்டிய கூட்டம் ஆகாது. அதனால்தான், குருவாகவே இருந்தாலும், யாரும் தன் விருப்பப்படி இதில் எதையும் கூட்டவோ குறைக்கவோ மாற்றவோ கூடாது என்று அதே ஏடு 22-ஆம் எண்ணில் கட்டளையிடுகிறது.

இன்னொன்றையும் கவனித்துப் பாருங்கள். அப்பத்தின் மேலும் இரசத்தின் மேலும் குரு சொல்லும் நற்கருணை மன்றாட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தால், அது முழுக்கத் தந்தையாகிய கடவுளிடம் பேசுவது தெரியும். குரு நம்மிடம் பேசுவது அங்கே மிகக் குறைவு. நாம் எல்லாரும் சேர்ந்து ஒருவரிடம் பேசுகிறோம், அல்லது ஒருவர் பேசுவதைக் கேட்கிறோம். போராட்டம் மனிதர்களைப் பார்த்துப் பேசுவது. அதிகாரியை, எதிர்த்தரப்பை, வேடிக்கை பார்ப்பவரை நோக்கிப் பேசுவது. அது தவறு என்று நான் சொல்லவில்லை. திசை வேறு. இந்தப் பக்கத்தில் பல பதில்கள் இந்த ஒரு விஷயத்துக்குத்தான் திரும்பத் திரும்ப வரும்: இது யாரிடம் பேசுகிறது?

அப்போ கோயிலுக்குள்ள அரசியலே கூடாதுன்னு சொல்றீங்களா?

இல்லை. அரசியலே இல்லாத வழிபாடு கத்தோலிக்கத் திருச்சபையில் கிடையாது. தினமும் மாலைப் புகழ்மாலையில் மரியாவின் பாடலைப் பாடுகிறோம். வலியோரை அரியணையிலிருந்து தூக்கி எறிந்தார், பசித்தோரை நலன்களால் நிரப்பினார் என்று வருகிறதே, அதைவிட அரசியலான வரி எது? பொது மன்றாட்டின் வரிசையைப் பாருங்கள்: திருச்சபை, அடுத்து ஆட்சியாளர்களும் உலகமும், அடுத்து துன்புறுவோர், பிறகு நம் சமூகம். புனித வெள்ளியின் பத்துப் பெரிய மன்றாட்டுகளில் ஒன்பதாவது ஆட்சிப் பொறுப்பில் இருப்பவர்களுக்கானது. திருப்பலிப் புத்தகத்தில் அமைதிக்காகவும் நீதிக்காகவும், போர்க் காலத்துக்கும், அகதிகளுக்காகவும் தனித் திருப்பலிகளே இருக்கின்றன.

நாட்டில் நடப்பதையெல்லாம் கடவுள் முன் கொண்டுவரலாம், கொண்டுவரவும் வேண்டும். ஆனால் திருப்பலியை வேறொரு காரியத்துக்குக் கருவியாக்கக் கூடாது. 2004-இல் வத்திக்கானின் திருவழிபாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிவுரை, திருப்பலியை அரசியல் நிகழ்ச்சிகளோடும் உலகியல் நிகழ்ச்சிகளோடும் பிணைக்கக் கூடாது என்று 78-ஆம் எண்ணில் நேரடியாகவே சொல்கிறது.

சாமியார் பிரசங்கத்துல எது வரைக்கும் போகலாம்?

திருப்பலியில் மக்களைப் பார்த்து நீளமாகப் பேசுகிற இடம் மறையுரை ஒன்றுதான். அதனால் நழுவும் ஆபத்தும் அங்கேதான் அதிகம். மனித மாண்பு, சுதந்திரம், குடும்பம், சமூகத்தில் நமக்குள்ள கடமைகள் ஆகியவற்றைப் பற்றித் திருச்சபை போதிப்பதையும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று மறைபரப்புரையாளர்களுக்குத் திருச்சபைச் சட்டம் 768 கட்டளையிடுகிறது. ஆக, கூலி கொடுக்காமல் ஏமாற்றுவது பாவம் என்று பேசுவது குருவின் கடமை. "வரும் தேர்தலில் இந்தச் சின்னத்துக்குப் போடுங்கள்" என்பதற்கு அங்கே இடமில்லை. கட்சிகளில் தீவிரமாக ஈடுபடுவதையும் அருள்பணியாளர்களுக்குச் சட்டம் 287 பொதுவாகத் தடை செய்கிறது.

என் அளவுகோல் இது: அன்றைய வாசகத்திலிருந்து அந்தப் பேச்சு பிறந்ததா, அல்லது பேச்சை முடிவு செய்துவிட்டு வாசகத்தைத் தேடினார்களா? முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பவருக்கு வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

பிரசங்கம் ஒரு கட்சிக்காரர் பேச்சு மாதிரி இருந்தா எழுந்து வெளியே போகலாமா?

சத்தமில்லாமல் வெளியே நின்றுவிட்டு விசுவாச அறிக்கைக்குத் திரும்பி வந்தால் யாருடைய ஜெபமும் கெடாது. எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டாம். பூசை முடிந்ததும் நேரில் பேசுங்கள். பயனில்லை என்றால் ஆயருக்குத் தேதி, நேரம், சொல்லப்பட்ட வார்த்தைகள் எல்லாம் குறிப்பிட்டு எழுதுங்கள். மேய்ப்பர்களிடம் கருத்தைத் தெரிவிக்கும் உரிமையை, சில வேளைகளில் கடமையையே, சட்டம் 212 நம்பிக்கையாளருக்குத் தருகிறது. நம்மில் பலருக்கு இப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாது.

இயேசுவே ஆலயத்துல மேசையைக் கவிழ்த்தாரே, அது போராட்டம் இல்லையா?

இதைக் கேட்காத வகுப்பே இல்லை. ஆம், அது எதிர்ப்புச் செயல்தான், அதை மழுப்ப வேண்டாம். ஆனால் எதை எதிர்த்தார் என்று மாற்கு 11-ஐ வாசித்துப் பாருங்கள். விற்பவர்களும் வாங்குபவர்களும் நாணயம் மாற்றுபவர்களும் நின்ற இடம் ஆலயத்தின் வெளிமுற்றம். பிற இனத்தார் வந்து ஜெபிக்க அனுமதிக்கப்பட்டிருந்த இடம் அது ஒன்றுதான். எசாயாவின் வரியைத்தான் அவர் எடுத்துச் சொல்கிறார்: என் இல்லம் எல்லா இனத்தாருக்கும் இறைவேண்டலின் வீடு. ஜெபத்துக்கு இடைஞ்சலாக இருந்ததை ஜெபத்துக்காக அப்புறப்படுத்தினார்.

ஜெபித்துக்கொண்டிருப்பவர்களின் ஜெபத்தை நிறுத்த இந்தப் பகுதியை ஆதாரம் காட்டுவது எனக்கு ஏற்புடையதாகத் தெரியவில்லை. அதே சமயம், பங்கு நிர்வாகம் ஆலயத்தையே வியாபாரமாக்கியிருந்தால் இந்த நற்செய்தி முதலில் குத்துவது நிர்வாகத்தைத்தான். போராட வந்தவரைக் கண்டிக்க இதைப் பயன்படுத்துபவர்கள் அந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

ஆமோஸ், எசாயா எல்லாம் "உங்க பலியே வேண்டாம்"னு சொன்னாங்களே?

சொன்னார்கள். அதுவும் இறைவாக்கினர் ஆமோஸ் பெத்தேல் திருத்தலத்துக்கே போய்ச் சொன்னார். அங்கிருந்த குரு அமட்சியா அவரை விரட்டினான். அவன் சொன்ன காரணத்தைக் கேளுங்கள்: இனி இங்கே இறைவாக்கு உரைக்காதே, இது அரசனின் திருத்தலம் (ஆமோஸ் 7:13). நாமும் ஆட்சியாளருக்குப் பயந்தோ, பணக்காரருக்குச் சங்கடமாகும் என்றோ "கோயிலில் இதெல்லாம் பேசாதே" என்று சொன்னால் அமட்சியாவின் வாரிசுகள்தான். வழிபாட்டைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு அதிகாரத்தைக் காப்பது நடக்கிற காரியம். எனக்கு அதில்தான் அதிகக் கவலை.

ஆனால் திருச்சபை ஆமோசை வெளியே நிறுத்தவில்லை. மூன்றாம் ஆண்டு வாசக வரிசையில் பொதுக்காலத்தின் 25, 26-ஆம் ஞாயிறுகளில் முதல் வாசகமே அவர்தான். எளியோரை நசுக்கி, மரக்காலைச் சுருக்கி, கள்ளத் தராசால் ஏமாற்றுபவர்களைப் பற்றிய வரிகள் வாசகமேடையிலிருந்து வாசிக்கப்படுகின்றன. பவுல் ஒரு படி மேலே போனார். கொரிந்துச் சபையில் வசதியுள்ளவர்கள் முன்னதாகவே சாப்பிட்டுவிட, ஏழைகள் பசியோடு இருந்தார்கள். நீங்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று எழுதினார் (1 கொரிந்தியர் 11). வழிபாட்டின் மேல் வைக்கப்பட்ட மிகக் கடுமையான விமர்சனம் வழிபாட்டுக்குள்ளேயே வாசிக்கப்படுகிறது. அதை வாசிக்கும்போது சத்தமாக, தெளிவாக வாசியுங்கள் என்று நான் வாசகர்களிடம் கெஞ்சிக் கேட்பது உண்டு.

உயிர் போற பிரச்சினைக்குக்கூடப் பூசையை நிறுத்தக் கூடாதா?

1989 டிசம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் புனித பேட்ரிக் பேராலயத்தில் கர்தினால் ஜான் ஓ'கானர் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தார். எய்ட்ஸால் நண்பர்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்த காலம். நோய்த் தடுப்புக் கல்வியையும் கருக்கலைப்பையும் பற்றிய திருச்சபையின் நிலைப்பாட்டை எதிர்த்து ஏறத்தாழ 4500 பேர் வெளியே திரண்டிருந்தார்கள். உள்ளே வந்த சிலர் இடைகழியில் பிணம்போலப் படுத்தார்கள், சிலர் கத்தினார்கள். ஒருவர் வரிசையில் வந்து வாங்கிய நற்கருணையை நொறுக்கித் தரையில் போட்டார். அன்று 111 பேர் கைதானார்கள்.

அவர்களுடைய வேதனை பொய் என்று யாரும் சொல்ல முடியாது. சாவின் பக்கத்தில் நின்றவர்கள் அவர்கள். ஆனால் மறுநாள் பேச்சு எதைப் பற்றி இருந்தது? நோயாளிகளைப் பற்றி இல்லை, தரையில் விழுந்த அப்பத்தைப் பற்றி. போராடிய அமைப்பினுள்ளேயே அந்த ஒரு செயலைப் பற்றிக் கடும் வாக்குவாதம் நடந்தது. 2020 அக்டோபர் 25 அன்று போலந்தில், கருக்கலைப்பு பற்றிய அரசமைப்புத் தீர்ப்பாயத்தின் தீர்ப்பை எதிர்த்துப் பல ஊர்களில் ஆலயங்களுக்குள் புகுந்தார்கள். போஸ்னான் பேராலயத்தில் பதாகைகளோடு பலிபீடத்தின் முன் போய் நிற்க, திருப்பலி இடையில் நின்றது.

என் நிலை இதுதான்: கூடாது. உள்ளே இருப்பவர்களில் தீர்ப்பு எழுதியவர் யாருமில்லை. அன்று காலை கணவரை இழந்த ஒரு பெண் இருக்கலாம், பல வருடங்களுக்குப் பிறகு திரும்பி வந்த ஒருவர் இருக்கலாம். தங்கள் வழிபாட்டு முறைப்படி கடவுளை வழிபட நம்பிக்கையாளருக்கு உரிமை உண்டு என்கிறது சட்டம் 214. ஒருவருடைய அவசரம் அந்த உரிமையைப் பறித்துக்கொள்ள முடியாது.

வெளியே, வாசல்ல நின்னு போராடினா?

அது வேறு. தெருவில் நிற்க அவர்களுக்கு உரிமை உண்டு. உள்ளே போகிறவர்களை மறிக்காத வரை, திட்டாத வரை, அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது நல்லது என்றே சொல்வேன். 1989-இல் வெளியே நின்றவர்களையும் உள்ளே நடந்ததையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

போராடுறவங்களே கத்தோலிக்கர்னா? அது அவங்க வீடுதானே?

வீடுதான். அதனால்தான் இது முந்தைய கேள்வியைவிட வலிக்கிறது. 1969 கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலியின்போது லாஸ் ஏஞ்சலஸ் புனித பேசில் ஆலயத்தில் மெக்சிகோ வழிவந்த கத்தோலிக்க இளைஞர்கள் போராடினார்கள். ஏழை மக்கள் வாழும் மறைமாவட்டத்தில் பல லட்சம் டாலர் செலவில் புது ஆலயம் கட்டியிருக்கிறீர்களே, எங்களுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். உள்ளே நுழைய முயன்றபோது கைகலப்பாகி, கைதுகள் நடந்தன. கேள்வி நியாயமானது. பிறந்த குழந்தைக்கு இடமில்லாமல் போன இரவில் அவர்கள் கதவைத் தட்டியதில் ஒரு பொருத்தம் இருந்ததையும் மறுக்க முடியாது.

ஆனாலும் உள்ளே கூடியிருப்பவர்களுக்கும் அது வீடுதான். மனக்கசப்பு உள்ள சகோதரனோடு சமாதானம் செய்த பிறகு வந்து காணிக்கை செலுத்து என்று மத்தேயு 5 சொல்கிறது. அது முதலில் பொறுப்பில் இருப்பவர்களுக்கான கட்டளை. வாரக்கணக்கில் சந்திக்க நேரம் கேட்டும் கொடுக்காமல் இருந்துவிட்டு, பிறகு "பூசையைக் கெடுத்துவிட்டார்கள்" என்று சொல்லும் மேய்ப்பரிடம் எனக்குக் கேட்க நிறைய இருக்கிறது. கதவு திறந்திருக்கும் பங்குகளில் பூசையின் நடுவே போராட்டம் நடப்பது அபூர்வம்.

ஒரு வார்த்தையும் பேசல, பட்டை மட்டும் கட்டிக்கிட்டு நன்மை வாங்க வந்தா?

இதற்கு நேர் உதாரணம் 1998-இல் மெல்பர்ன் நகரில் பெந்தகோஸ்தே ஞாயிறன்று நடந்தது. ஒருபாலீர்ப்புள்ள கத்தோலிக்கரும் அவர்களுடைய குடும்பத்தாரும் வானவில் நிறப் பட்டை அணிந்து நன்மை (நற்கருணை) வாங்கும் வரிசையில் வந்தார்கள். பேராயர் ஜார்ஜ் பெல் அவர்களுக்கு நன்மை கொடுக்க மறுத்தார். பிற்பாடு வேறு நாடுகளிலும் இது நடந்தபோது சில இடங்களில் கொடுத்தார்கள், சில இடங்களில் மறுத்தார்கள்.

முறையாகக் கேட்டு, தகுந்த நிலையில் இருந்து, சட்டத்தால் தடுக்கப்படாதவருக்குத் திருவருட்சாதனத்தை மறுக்கக் கூடாது என்பது சட்டம் 843. மறுப்பவர் இதை மனதில் வைத்தே மறுக்க வேண்டும். என்னைக் கேட்டால், "கிறிஸ்துவின் திருவுடல்" என்பதற்கு "ஆமென்" சொல்லும் நொடியில் நம்முடைய பதில் அவருக்கு மட்டுமே உரியது. அதே நொடியில் குருவுக்கும் காமிராவுக்கும் சேர்த்து ஒரு செய்தி சொல்ல முயன்றால் அந்த ஆமென் பங்குபோட்டுக்கொள்ளப்படுகிறது. எந்தப் பக்கத்துப் பட்டையானாலும் சரி, கட்சித் துண்டானாலும் சரி, எனக்கு ஒரே பதில்தான். வந்திருக்கும் ஆளைச் சந்தேகப்படாமல், துண்டைக் கழற்றிவிட்டு வரும்படி பூசைக்கு முன்பே அன்பாகச் சொல்லிவிட்டால் பாதி சண்டை இல்லாமல் போகும்.

ஆட்சியில இருக்கறவங்களே பூசையைப் பயன்படுத்திக்கிட்டா?

போராட்டக்காரர்களைப் பற்றிக் கேட்கும் அளவுக்கு இதை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். 1983 மார்ச் 4, நிகராகுவாவின் தலைநகர் மனாகுவா. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பெரிய திடலில் திருப்பலி நிறைவேற்றினார். மறையுரையின்போது ஆளும் சாண்டினிஸ்டா கட்சியின் ஆதரவாளர்கள் "எங்களுக்கு அமைதி வேண்டும்" என்று முழக்கம் எழுப்பினார்கள், அது நிற்கவே இல்லை. திருத்தந்தை ஒரு கட்டத்தில் "மௌனம்!" என்று அதட்டினார். அமைதியை முதலில் விரும்புவது திருச்சபைதான் என்றும் சொன்னார்.

அதே திடலில் போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் பிள்ளைகளின் படங்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இறந்தவர்களுக்காக ஒரு ஜெபம் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். முதல் பதிலில் சொன்ன கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள். முழக்கம் உலகத் தொலைக்காட்சியைப் பார்த்துப் பேசியது. தாய்மார்கள் கேட்டதோ கடவுளிடம் போக வேண்டிய வார்த்தை. திருப்பலியில் அதற்கு இடம் உண்டு, பொது மன்றாட்டே அதற்காகத்தான் இருக்கிறது. முழக்கத்தின் இரைச்சலில் அந்த வேண்டுதல் அமுங்கிப்போனது எனக்கு இன்றும் வருத்தம்.

அமைச்சருக்கு முன்வரிசை நாற்காலி, மறையுரைக்குப் பின் அவருக்கு மைக், நடுவில் பொன்னாடை: இவையும் திருப்பலியை அரசியலோடு பிணைப்பவைதான். கைதட்டல் வருகிறது என்பதற்காக இது போராட்டத்தைவிடக் குறைந்த தவறாகிவிடாது.

அப்போ ரொமேரோவும் போப்பியெலுஸ்கோவும் பண்ணினது அரசியல் இல்லையா?

எல் சால்வதோரில் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ ஞாயிறு மறையுரையில் முதலில் வாசகங்களை விளக்குவார். அப்புறம் அந்த வாரம் கொல்லப்பட்டவர்கள், காணாமல்போனவர்கள் பெயர்களை வாசிப்பார். வேறு யாரும் சொல்லத் துணியாத பெயர்கள் அவை. 1980 மார்ச் 23 அன்று, கடவுளின் பெயரால் அடக்குமுறையை நிறுத்துங்கள் என்று படைவீரர்களைக் கேட்டுக்கொண்டார். மறுநாள் மாலை ஒரு மருத்துவமனைச் சிற்றாலயத்தில் மறையுரையை முடித்த நேரத்தில் அவரைப் பலிபீடத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். 2018 அக்டோபர் 14 அன்று அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

போலந்தில் அருள்பணி யெர்சி போப்பியெலுஸ்கோ 1982 முதல் வார்சாவில் மாதந்தோறும் தாய்நாட்டுக்கான திருப்பலியை நிறைவேற்றினார். ஆயிரக்கணக்கானோர் தெரு நிறைய நின்றார்கள். கம்யூனிஸ்ட் அரசின் பேச்சாளர் அதை வெறுப்புக் கூட்டம் என்றார். ஆனால் நடந்தது என்ன? தீமையை நன்மையால் வெல் என்ற பவுலின் வரியைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். முடிந்ததும் யாருடைய சீண்டலுக்கும் இரையாகாமல் அமைதியாக வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பினார். 1984 அக்டோபர் 19 அன்று அரச பாதுகாப்புத் துறையினர் அவரைக் கடத்திக் கொன்றார்கள்.

இருவரும் திருப்பலியின் அமைப்பைத் தொடவில்லை. இறந்தவர்களையும் சிறையில் இருப்பவர்களையும் கடவுள் முன் பெயர் சொல்லி நிறுத்தினார்கள். நற்செய்தி அங்கே தானாகவே அரசியல் விளைவை உண்டாக்கியது. ஒரு விளைவுக்காக அவர்கள் பூசையை ஏற்பாடு செய்யவில்லை என்பதுதான் நான் பார்க்கும் வித்தியாசம். எல்லைக்கோடு மெல்லியது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு ஞாயிறு எல்லாப் பூசையையும் ரத்து பண்ணினாரே ரொமேரோ, அது போராட்டம்தானே?

1977 மார்ச் 12 அன்று இயேசு சபை குரு ருத்திலியோ கிராந்தேயும் அவரோடு பயணம் செய்த இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மார்ச் 20 அன்று மறைமாவட்டத்தின் மற்ற எல்லா ஞாயிறு திருப்பலிகளையும் நிறுத்திவிட்டு, பேராலயத்தில் ஒரே திருப்பலி என்று ரொமேரோ அறிவித்தார். திருத்தந்தையின் தூதரே எதிர்த்தார். பெருங்கூட்டம் வந்தது, பல வருடங்களாக வராதவர்களும் வந்தார்கள்.

இந்தப் பட்டியலில் எனக்கு மிகக் கடினமான கேள்வி இதுதான். மக்களின் ஞாயிறு திருப்பலியை எடுத்துவிடுவது சிறிய விஷயமில்லை. ஆனால் ஆயரைச் சுற்றி மறைமாவட்டம் முழுவதும் ஒரே பலிபீடத்தில் கூடுவதுதான் திருச்சபையின் மிகச் சிறந்த வெளிப்பாடு என்று முதல் பதிலில் சொன்ன வத்திக்கான் சங்க ஏடே 41-ஆம் எண்ணில் சொல்கிறது. அவர் பூசையை நிறுத்தவில்லை, எல்லாரையும் ஒரே பூசைக்கு அழைத்தார். முடிவெடுத்தவரும் அதற்கு அதிகாரமுள்ள ஆயர். அந்த இரண்டும் இல்லாத இடத்தில் இதை முன்மாதிரியாகக் காட்டாதீர்கள்.

அநியாயம் பண்ற தலைவருக்கு நன்மை மறுக்கலாமா? அதுவும் ஒரு போராட்டம் மாதிரிதானே?

390-இல் தெசலோனிக்காவில் பேரரசர் தெயொதோசியுவின் படை ஆயிரக்கணக்கானோரை வெட்டிக் கொன்றது. மிலான் ஆயர் அம்புரோசு, நீங்கள் வந்து நின்றால் நான் பலி ஒப்புக்கொடுக்க மாட்டேன் என்று அவருக்கு எழுதினார். ஆலய வாசலில் பேரரசரை எல்லார் முன்பும் தடுத்து நிறுத்தியதாகச் சொல்லப்படும் காட்சி பிற்காலத்தில் சேர்ந்தது. உண்மையில் அவர் செய்தது, பேரரசர் மட்டும் வாசிக்க வேண்டும் என்று தன் கையாலேயே எழுதிய கடிதம். பேரரசர் தவம் செய்து திரும்பினார். அந்த மனமாற்றம்தான் கடிதத்தின் இலக்கு.

இன்றைய சட்டம் 915, வெளிப்படையான கனமான பாவத்தில் பிடிவாதமாக நிலைத்திருப்பவரை நற்கருணைக்கு அனுமதிக்கக் கூடாது என்கிறது. இதை யாருக்கு, எப்போது என்பதில் ஆயர்களிடையே ஒருமித்த நடைமுறை இல்லை. 2022 மே மாதம் சான் பிரான்சிஸ்கோ பேராயர் கர்தலியோனி, கருக்கலைப்பு விவகாரத்தில் அப்போது அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைத் தலைவராக இருந்த நான்சி பெலோசிக்கு இப்படித் தடை விதித்தார். அதற்கு முந்தைய ஆண்டு, தான் யாருக்கும் நற்கருணையை மறுத்ததில்லை என்று திருத்தந்தை பிரான்சிஸ் சொல்லியிருந்தார். நான் சொல்லக்கூடியது: அது தண்டனையாகவோ செய்தி அறிக்கையாகவோ மாறினால் அம்புரோசுவின் வழியிலிருந்து விலகிவிட்டது. வரிசையில் நிற்கும்போது குரு திடீரென்று எடுக்கும் முடிவாக இருக்கவே கூடாது.

வேலைநிறுத்தம் நடக்கிற இடத்திலேயே பூசை வைக்கலாமா?

1980 ஆகஸ்ட் 17 அன்று போலந்தின் கடான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தின் வாயிலில் திருப்பலி நடந்தது. அது ஞாயிற்றுக்கிழமை. வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் தளத்தை விட்டு வர முடியாது, அவர்களுக்கும் ஞாயிறு திருப்பலி வேண்டும். தேவை இருந்தால் ஆலயத்துக்கு வெளியே தகுந்த இடத்தில் நிறைவேற்றலாம் என்று சட்டம் 932 சொல்கிறது. ஆயரின் அனுமதியோடு இப்படிச் செய்வது மேய்ப்புப் பணி. காவல்துறை அப்புறப்படுத்தாமல் இருக்க நடுரோட்டில் பூசை வைப்பது வேறு கதை, அங்கே நற்கருணை கேடயமாக்கப்படுகிறது.

போராட்டத்துல இறந்தவரோட அடக்கப் பூசையில சவப்பெட்டி மேல கொடி போர்த்தலாமா?

வெளியே ஊர்வலத்தில் இருக்கட்டும். ஆலய வாசலில் அதை எடுத்து மடித்துக் குடும்பத்தாரிடம் கொடுத்துவிட்டு, திருமுழுக்கை நினைவூட்டும் வெள்ளைத் துணியைப் போர்த்துவது பல இடங்களில் உள்ள முறை. நாட்டுக் கொடிக்கும் இதையே செய்கிறார்கள். எல்லாரும் ஒரே துணியின் கீழ். குடும்பத்தாரிடம் முந்தின நாளே பேசிவிடுங்கள், வாசலில் வைத்து வாதாடாதீர்கள்.

நடுப்பூசையில யாராவது கோஷம் போட ஆரம்பிச்சா நாங்க என்ன செய்யணும்?

முதலில், யாரும் கை வைக்க வேண்டாம். கோயிலுக்குள் அடி விழுந்தால், முதலில் போராட வந்தவருக்கு இருந்த குறையோடு நம் குறையும் சேர்ந்துவிடும். குரு நிறுத்திவிட்டு அமைதியாக நிற்கலாம். பாடகர் குழு எல்லாருக்கும் தெரிந்த பாடலைத் தொடங்கினால் கூட்டம் தானாகவே ஜெபத்துக்குத் திரும்பும். வழிகாட்டும் தொண்டர்கள் இருவர் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் "பூசை முடிந்ததும் உட்கார்ந்து பேசுவோம்" என்று சொல்லட்டும். சொன்னால் பேச வேண்டும், ஏமாற்றக் கூடாது. காவல்துறையை அழைப்பதா என்பதைப் பங்கு மன்றம் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். கைப்பேசியில் படம் எடுத்துப் பரப்ப வேண்டாம்.

அப்பமும் இரசமும் அர்ச்சிக்கப்பட்டு முடிந்திருந்தால் நற்கருணையைப் பாதுகாப்பதே குருவின் முதல் வேலை. நற்கருணை தரையில் விழுந்தால் பயபக்தியோடு எடுக்க வேண்டும், திரு இரத்தம் சிந்தினால் அந்த இடத்தைத் தண்ணீரால் கழுவி அதற்குரிய புனிதத் தொட்டியில் ஊற்ற வேண்டும். வேண்டுமென்றே எறிந்து நிந்திப்பவருக்குச் சட்டம் 1382 மிகக் கடுமையான தண்டனை வைத்திருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் தண்டனையைப் பற்றிக் கத்துவது நம் வேலை இல்லை.

அப்படி நடந்தா கோயில் தீட்டுப்பட்டதா ஆகிடுமா?

ஒவ்வொரு கூச்சலுக்கும் அப்படி ஆகாது. மக்களுக்கு இடறலாக, மிகக் கனமான செயல் நடந்திருந்தால், அது அந்த அளவுக்குப் பெரியதா என்று ஆயர் தீர்மானிப்பார். அப்படியானால் தவச் சடங்கு முடியும் வரை அங்கே வழிபாடு கூடாது (சட்டம் 1211). நாமாகவே அறிவித்துவிடக் கூடாது.

பூசை முடிஞ்சதும் வாசல்ல மனுவுக்குக் கையெழுத்து வாங்கலாமா?

வளாகத்தைப் பற்றிப் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். புனித இடத்தில் வழிபாட்டுக்கும் பக்திக்கும் உதவுபவை மட்டுமே என்பது சட்டம் 1210, அதற்கு முரண்படாத மற்றவற்றை ஆயர் தனித்தனியாக அனுமதிக்கலாம். வெளிக்கதவுக்கு அப்பால் என்றால் தாராளமாக. "சென்று வாருங்கள்" என்று சொல்லி முடிவதற்குள் மேசையைப் போடாதீர்கள். கடைசிப் பாடல் முடியட்டும். அப்புறம் நானும் வந்து கையெழுத்துப் போடுகிறேன், மனு நியாயமாக இருந்தால்.